நாலாவது மாடி மகாராணி

ஆகஸ்ட் 4, திங்கள்

கோவை மாநகரின் தலைசிறந்த டிரைவிங் ஸ்கூல் அதிபரும், ஒற்றைக் கையால் லாரி டயர் கழற்றக்கூடியவனும் (மற்ற கையில் டீ இருக்கும்), சரவணம்பட்டி சுற்று வட்டாரக் குழந்தைகள் அனைவருக்கும் மாமாவுமாகிய சடையப்பன் என்ற நான், இன்று முதல் ஒரு பன்றிக்கு வரன் தேடும் பணியில் இறங்கியிருக்கிறேன்.

மணமகள் பெயர் பவுனு. என் தங்கை சாந்தாமணியின் வீட்டில், நாலாவது மாடியில் வசிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் நான் வாங்கியபோது ஒரு தேங்காய் மூடி அளவு இருந்தாள். “மினி பன்னி சார், பூனைக்கு மேல வளராது” என்றான் விற்றவன். எந்த நாட்டுப் பூனை என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு அவள் சோபாவில் சாய்ந்தால் சோபா எழுந்து நின்று இடம் விடுகிறது.

காலையில் அசோசியேஷன் செயலாளர் படியேறி வந்தார். சதுர்த்திக்குக் கீழே பந்தல் போடுகிறார்களாம்.

“பிள்ளையார் உள்ள வர்றதுக்குள்ள அது வெளிய போயிரணுமுங்க. இல்லீனா கார்ப்பரேசன்காரங்க வந்து புடிச்சுட்டுப் போயிருவாங்க.”

“பிள்ளையாருக்கு வண்டியே எலிதானுங்க. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் தங்கையின் கணவர், மாப்பிள்ளை நாகமாணிக்கமும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை கூட்டுறவுத் தணிக்கை அதிகாரி. சிரித்தால்கூட அதற்கு வவுச்சர் கேட்பவர். “நல்லதாப் போச்சுங்க மச்சான். அந்தப் பன்னிய எங்காச்சும் ஒரு எடம் பாத்துத் தள்ளிவுடுங்க” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாந்தாமணி உரித்த வாழைப்பழத்தைப் பவுனுவின் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றாள். பழம் தீர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போட்டேன்: ‘நல்ல குடும்பத்துப் பெண். சிவந்த மேனி. சமையலறையில் மிகுந்த ஈடுபாடு. தனி அறை, ஏசியில் வளர்ந்தவள். அன்பான குடும்பத்தார் மட்டும் அணுகவும்.’

பன்றி என்று எழுத மறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் இருபது ஜாதகம் வந்துவிட்டது. அதில் ஒருவர் நல்ல பையன், சொந்தமாகப் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிறார். பவுனுவிடம் போட்டோவைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பன்றி என்று சேர்த்து மறுபடி விளம்பரம் போட்டதில், முதல் வரன் நேரில் வந்தது. வெள்ளைச் சட்டை, கையில் தங்கக் காப்பு. காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

“எத்தன கிலோங்க தேறும்?”

“உங்களவிடக் கொஞ்சம் கம்மியாத்தானுங்க தேறும்” என்றேன். “உங்களையே யாராச்சும் கேட்டாங்கன்னா நானே பேசி முடிச்சுத் தர்றேன்.”

மீதிக் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் சாந்தாமணி அங்கே இல்லை. சின்ன ரூமில் பவுனுவின் மெத்தையில் உட்கார்ந்திருந்தாள்.

சின்ன ரூமைப் பற்றி எழுத வேண்டும். வீடு வாங்கிய புதிதில் மாப்பிள்ளையும் அவளும் ஆள் வைத்து அந்த அறைக்கு மட்டும் மஞ்சள் அடித்து, மேற்கூரையில் வெள்ளை மேகம் வரைந்தார்கள். ரொம்ப நாள் பூட்டியே கிடந்தது. இப்போது அந்த மேகங்களுக்குக் கீழே பவுனு குறட்டை விடுகிறாள். மேகம் இருந்தால் இடி இருக்க வேண்டாமா? நியாயம்தானே.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டாவது வரன், ஆனைகட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட். நானே போய்ப் பார்த்தேன். பவுனுவுக்குத் தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டு, வருகிறவர்களோடு போட்டோ எடுப்பார்களாம். “சீசன் இல்லாதப்ப?” என்று கேட்டேன். மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். கூலிங் கிளாஸ் அவளுடைய முகவெட்டுக்குப் பொருந்தாது என்று சொல்லி நிராகரித்துவிட்டேன். அழகு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தங்கையிடம் வந்து, “பொருத்தம் இல்ல. செவ்வாய் தோசம்” என்றேன்.

“ண்ணா, நீ நெசமாலுமே தேடறயா?”

“ஏழு மலை தாண்டிப் போய்ட்டு வர்றேன், நம்பமாட்டீங்கிறயே!”

“சதுர்த்திக்கு இன்னும் நாளிருக்குதில்ல” என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

இன்று ஓர் அதிசயம் பார்த்தேன், மிகைப்படுத்தவில்லை. மாலை ஆறு மணிக்குக் கீழே நூறு வண்டி வருகிறது, போகிறது. பவுனு அசையவில்லை. திடீரென்று காது நிமிர்ந்தது. எழுந்து ராணி நடை நடந்து வாசலுக்குப் போய் நின்றாள். அப்படியே கல் மாதிரி நிற்கிறாள். சற்று நேரம் கழித்து லிஃப்ட் திறக்க, மாப்பிள்ளை வந்தார். நாலு மாடிக்குக் கீழே, நூறு ஸ்கூட்டரில் ஒரு ஸ்கூட்டரை இவள் பிரித்து எடுத்திருக்கிறாள்! என் ஸ்கூலில் மூன்று மாதம் படித்தவர்களுக்குக் கிளட்ச்சும் பிரேக்கும் பிரித்துத் தெரிவதில்லை.

மாப்பிள்ளை அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆபீஸ் பையைத் தரையில், ஜிப்பைத் திறந்தபடி வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். பவுனு தலையைப் பைக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் கடலை மிட்டாய் நொறுங்குகிற சத்தம். பிறகு அவர் வந்து பையை எடுத்து ஆணியில் மாட்டினார். நான் எதையும் பார்க்கவில்லை. தணிக்கைத் துறை ரகசியத்தில் தலையிடுவது சட்டப்படி குற்றம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இந்திய விடுதலை வரலாற்றில் இந்த அப்பார்ட்மென்ட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு இனி.

காலை எட்டரை. கீழே கொடிக்கம்பம். செயலாளர் வெள்ளை உடையில் கயிற்றைப் பிடித்திருந்தார். எல்லோரும் விறைத்து நிற்கிற அந்த நொடியில் லிஃப்ட் ‘டிங்’ என்றது. கதவு திறந்தது. உள்ளே பவுனு. தனியாக. யாரும் பக்கத்தில் இல்லை. அவள் திறந்த கதவுக்குள் நுழைந்திருப்பாள், லிஃப்டைக் கீழே யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று அறிவியல் பேசினார்கள் சிலர். அவளே மூக்கால் பொத்தானை அமுக்கினாள் என்பது என் தீர்மானம்.

இறங்கி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள். கொடி ஏறியது, மேலிருந்து பூ உதிர்ந்தது. பவுனு அண்ணாந்து பார்த்தாள். ஒரு சாமந்தி அவள் நெற்றியில் விழுந்து அப்படியே நின்றது. கைக்குழந்தைகள்கூட அழாமல் பார்த்தன. எனக்கு ரோமம் சிலிர்த்தது.

பிறகு அவள் மிட்டாய்த் தட்டைச் சாப்பிட்டாள் என்பதும், தட்டைப் பிடித்திருந்த செயலாளரின் மனைவி தொட்டிச் செடிக்குள் உட்கார்ந்தார் என்பதும் சின்ன விஷயங்கள்.

“இருவத்தேழாந் தேதி, சதுர்த்திக்கு முன்னாடி!” என்று கத்தினார் செயலாளர். “ஒரு நாள் தாண்டுனா நானே போன் பண்ணிருவேன்!”

ஆகஸ்ட் 16, சனி

இரண்டாவது மாடிப் பாப்பா ஒருத்தி கேட்டாள்: “மாமா, நாய் வாங்காம ஏன் பன்னி வாங்குனீங்க?” எதிர்கால ஆராய்ச்சியாளர்களும் கேட்பார்கள். எனவே பதிவு செய்கிறேன்.

சாந்தாமணியின் புதுவீட்டுப் பால்காய்ச்சு. வழக்கப்படி முதலில் பசுவும் கன்றும் வீட்டுக்குள் நுழைய வேண்டும். பசு லிஃப்டைப் பார்த்தது. லிஃப்ட் பசுவைப் பார்த்தது. இருவருக்கும் ஒத்துவரவில்லை. சரி, கன்றை மட்டும் படியில் ஏற்றுவோம் என்று முடிவானது. கன்று நாலாவது மாடி வந்து சேர்ந்தது. சாந்தாமணி கயிற்றை வாங்கக் கை நீட்டினாள். அப்போது எங்கள் அத்தை ஒருவர் ஏதோ சொன்னார். மைக் செட் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கயிறு வேறு யாரோ ஒரு பெண்ணின் கைக்குப் போனது. அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. காலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

நான் கொண்டுபோன சீர்த்தட்டுகளில் கடைசித் தட்டில் பட்டுத் துணி போட்டு மூடிய கூடை. துணியை எடுத்ததும் அத்தைமார்கள் அலற வேண்டும், அதுதான் என் திட்டம். ஆனால் என்னவோ, கூடையைத் திறந்து பவுனுவை எடுத்து நேராகச் சாந்தாமணியின் கையில் கொடுத்துவிட்டேன்.

“பூமியவே கொம்புல தூக்குன வம்சம். இவ மொதல்ல போகட்டும் உள்ள!” என்றேன்.

கன்றுக்கு முன்னால் தங்கை அவளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்படி தாண்டினாள். எல்லோரும் என்னைத்தான் பார்க்க வேண்டும் என்று செய்தது அது. எனக்குப் புகழாசை அதிகம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாந்தாமணி இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்: “ண்ணா, இந்த வீட்டக் குடுத்தறலாம்னு இருக்கோம்.”

“யாருக்கு?”

“யாருக்கோ. ஊருக்கு வெளிய ஒரு கீழ்வீடு வாடகைக்குப் பாரு. பவுனுவுக்கு ரூம் வேணும்.”

பத்து வருடம் ஓவர்டைம் பார்த்து, ஒரு சினிமா பார்க்காமல் வாங்கிய வீடு. மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். இப்போது கணக்குப் புத்தகம் மாதிரியான இந்த மனுசன் எழுந்து ‘அறிவிருக்கா’ என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

“மொதல் மாடியும் வேண்டாம்” என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு. “படி அதுக்கு ஆகாது.”

நான் இரண்டு இட்லி குறைவாகச் சாப்பிட்டேன். இது என் வாழ்க்கையில் முதல் தடவை.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்றாவது வரன் போனில் வந்தது. இல்லை, வரன் அல்ல, விசாரணைக் கமிஷன். க.க.சாவடி தாண்டி மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ‘மினி’ என்று நம்பி வாங்கி ஏமாந்த வீடுகளிலிருந்து வந்த ஐந்து பன்றிகள் அவரிடம் இருக்கின்றன. நாங்கள் அவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். “வேண்டாம், நான்தான் உங்க வீட்டப் பாக்கணும்” என்றார். இன்று வந்துவிட்டார். கழுத்தில் இன்னமும் விசில்.

சாந்தாமணி வாசலிலேயே முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். “இங்க அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்க டீச்சர். ஏசி இருக்குது. தெனமும் பழம், காய், வெதுவெதுன்னு குளிப்பாட்டறேன். ஒரு துளி அழுக்குப் பட வுட்டதில்ல.”

“தெரியுதும்மா. தோலே சொல்லுது. நல்லாப் பாத்திருக்கீங்க.”

நான் குறுக்கே புகுந்தேன்: “நடையப் பாருங்க டீச்சர்! மைசூர் மகாராணிகூட இப்பிடி நடந்திருக்க மாட்டாங்க.”

பவுனு ஹாலைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு காலாக, நிதானமாக. டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, அவள் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். குளம்பு நீண்டு, முனை மேல்நோக்கி வளைந்திருந்தது.

“டைல்ஸ்ல இது தேயாது. வளந்துட்டே போகும். அது ராணி நடை இல்ல சார். வழுக்கீரும்னு பயம். பயந்து பயந்து கால் வெக்குது.” பிறகு தங்கையைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இவ எப்பவாச்சும் மண்ணு மிதிச்சிருக்காளாம்மா?”

சாந்தாமணி குனிந்து அந்தக் குளம்பை முந்தானையால் துடைத்தாள்.

“அழுக்காயிரும்னு...” என்று தொடங்கிய சாந்தாமணி முடிக்கவில்லை.

“உங்களத் தப்பு சொல்லலம்மா. எங்கிட்ட வந்த அஞ்சு பேரும் இப்பிடித்தான் வந்தாங்க. ஞாயித்துக்கெழம கொண்டு வாங்க. இல்ல, உங்களால முடியாதுன்னா அதையும் சொல்லுங்க. பெரிய கால்மிதி வாங்கிப் போடுங்க, வழுக்காது. கொளம்பு வெட்ட மாசாமாசம் நானே வர்றேன்.”

டீச்சர் போன பிறகு பவுனு சமையலறைக்குக் கிளம்பினாள். நாங்கள் மூவரும் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னங்கால் ஒன்று லேசாக வழுக்கியது. நின்றாள். சரி செய்துகொண்டாள். மறுபடி நடந்தாள்.

இரண்டு வருடம் அதற்குத்தான் நான் கைதட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாந்தாமணி போன் எடுக்கவில்லை. மாணவர் ஒருவர் என் காரைப் பிள்ளையார் பந்தலுக்குள் ஓட்டிவிட்டார். திட்டத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தங்கையே கூப்பிட்டாள். “டீச்சர்கிட்ட ஞாயித்துக்கெழம வர்றோம்னு சொல்லீரு.” வைத்துவிட்டாள். வீடு பார்ப்பது பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

‘சின்ன யானை’ மினி லாரி ஒன்றை ஏற்பாடு செய்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். தலைமுறை தலைமுறையாகப் பாடப்படவிருந்த அந்தப் பயணம், லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டது. பவுனு லிஃப்டில் ஏற மறுத்தாள். கொடியேற்றத்துக்குத் தானாகப் போனவள் இன்று ஏறவில்லை. நான் தள்ளினேன். இமயமலையைத் தள்ளியிருந்தாலும் ஓர் அங்குலம் நகர்ந்திருக்கும். பழம் காட்டினேன். பாட்டுப் பாடினேன், பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. சாந்தாமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“நவுருங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

லிஃப்டுக்குள் போய்த் திரும்பி நின்று, தணிக்கை அதிகாரி நாகமாணிக்கம் முழங்காலில் உட்கார்ந்தார். கைகளை விரித்தார்.

“வா அம்மிணி. அப்பா இருக்கறனல்ல. அப்பா கூட வா சாமி.”

பவுனு ஏறினாள். தலையை அவர் தோளில் வைத்தாள்.

தங்கை மெதுவாகத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவர் வாயில் அவள் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நாலு மாடி இறங்குகிற வரைக்கும் நான் லிஃப்டில் ஒட்டியிருந்த ‘அதிகபட்சம் ஆறு பேர்’ என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வழியெல்லாம் சாரல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வண்டியைப் பிடித்து ஆட்டியது. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே அவர்கள் மூவரும். கண்ணாடியில் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் பவுனுவின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தோப்பில் டீச்சர் பலகையைச் சாய்த்து வைத்தார். “யாரும் கூப்பிடாதீங்க. அவளே எறங்கட்டும்.”

பவுனு பலகையின் விளிம்புவரை வந்தாள். கீழே மழையில் ஊறிய செம்மண். மூக்கை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். பிறகு ஒரு காலை வைத்தாள். கால் உள்ளே போனது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். கால் போன இடத்தில் நின்றது. வழுக்கவில்லை. இன்னொரு காலை வைத்தாள். அதுவும் நின்றது. குனிந்து தன் கால்களையே பார்த்தாள்.

பிறகு ஒரு சத்தம் போட்டாள். இரண்டு வருடத்தில் நான் கேட்டிராத சத்தம், அடிவயிற்றிலிருந்து. மூக்கை மண்ணில் குத்தினாள். ஏர் பூட்டியதுபோல மண் இரண்டாகப் பிளந்து விலகியது. ஓர் அடி, பத்தடி, தென்னைமரம் வரை. வேர் ஒன்றைக் கண்டுபிடித்து, நேற்றுவரை உப்பில்லாத கேரட் சாப்பிட்டவள், வேரோடும் மண்ணோடும் மென்றாள். பிறகு தலையை உதறினாள். ஓடினாள்.

பூமி அதிர்ந்தது என்று எழுத ஆசைதான். அதிரவில்லை. அத்தனை பெரிய உடம்பை மண் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. அவள் மரத்தைச் சுற்றினாள், சட்டென்று திரும்பினாள், எதிர்ப்பக்கம் சுற்றினாள். காதுகள் பறந்தன. நான் பெரிதாக்கிச் சொல்ல இடமே வைக்காமல் ஓடினாள்.

“ண்ணா...” தங்கை என் கையைப் பிடித்தாள். “இவளுக்கு ஓடத் தெரியுமா?”

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். மழை நின்று வெகு நேரமாகியிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. டீச்சரின் பன்றிகள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தன. “ஒரு வாரம் தனியா இருக்கட்டும், அப்புறம் சேர்த்துவுடறேன்” என்றார் டீச்சர். எங்களுக்கு நேரமாகிவிட்டது. கிளம்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது பவுனு கொட்டகை ஓரத்துக்குப் போனாள். காய்ந்த சோளத்தட்டு ஒரு வாய் கவ்வினாள். தின்னவில்லை. தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டாள். திரும்பி வந்தாள். இன்னொரு வாய். ஒரு தென்னம் பன்னாடை. மறுபடி தட்டு. மூக்கால் நடுவில் குழி பறித்து, ஓரங்களை உயர்த்தி, சுற்றிச் சுற்றி மிதித்தாள். படுக்கை. மெத்தையில் பிறந்ததுபோல மெத்தையில் வளர்ந்தவள் தனக்கு ஒரு படுக்கை போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாருண்ணா இவளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?” என்றாள் தங்கை.

நான் வாயைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு வருடமாக எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு பொய் தயாராக இருக்கும். இன்று இல்லை.

“யாருமில்ல சாந்தா.”

அவள் செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினாள். குவியலிலிருந்து ஒரு கை சோளத்தட்டு அள்ளிக்கொண்டு போய், படுக்கையின் ஓரத்தில் பதமாக வைத்தாள். பவுனு வந்து முகர்ந்தாள். வாயில் கவ்வி அங்கிருந்து எடுத்து, தனக்குப் பிடித்த இன்னோர் இடத்தில் வைத்து மிதித்தாள்.

சாந்தாமணி சிரித்துவிட்டாள். முழங்கால்வரை மண்ணோடு நின்று, சத்தமாக.

“சரி சாமி. உன்ற வீடு. நீயே வெச்சுக்கோ” என்றாள்.